கொடும்பாளூர் கல்வெட்டும் எங்க வீட்டு பாத்திர வெட்டும்

கொடும்பாளூர்னு சொன்னதும் யார் ஞாபகத்துக்கு வர்றாங்க? வானதிதானே! தொட்டதுக்கெல்லாம் மயக்கம் போட்டு விழுற சாதுப் பொண்ணு. கல்கி 1950-லிருந்து 1954 வரைக்கும் 'பொன்னியின் செல்வ'னைத் தொடர்கதையா எழுதின நாள்லேர்ந்து அந்த ஊருக்கு வானதிதான் விலாசம். 2022-லயும் 2023-லயும் மணிரத்னம் அதை ரெண்டு பாகமா படம் எடுத்த பிறகு, இங்கே மினசோட்டாவில் பொறந்து வளர்ந்த எங்க வீட்டு வாண்டுகளுக்கே வானதியைத் தெரியும்.

எனக்கு அந்த ஊரில் பிடிச்சவங்க வேற. நாவல்ல வர்றவங்க இல்லை, கல்லில் பேர் இருக்கிறவங்க. அனுபமான்னு ஒருத்தங்க, பூதி ஆதிச்ச பிடாரின்னு இன்னொருத்தங்க. ஒருத்தங்க அந்த ஊருக்கு வாழ வந்தவங்க, இன்னொருத்தங்க அந்த ஊர்ப் பொண்ணா வேற ஊருக்குப் போனவங்க. பொட்டி கட்டிக்கிட்டு பொறந்த ஊரை விட்டுக் கிளம்பின கோஷ்டி. அதாவது நம்ம கோஷ்டி :-)

அவங்களைப் பத்தித்தான் இன்னிக்குக் கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கொசுவத்தி, கொஞ்சம் அடுப்படிப் புலம்பல். மூணையும் தனித்தனியா எழுதத்தான் பார்த்தேன். மிக்ஸியில் போட்ட மாதிரி ஒண்ணாயிடுச்சு. பொறுத்துக்கங்க.

முதல்ல ஊர்

திருச்சியிலிருந்து மதுரைக்குப் போற நெடுஞ்சாலையில் விராலிமலையைத் தாண்டினா கொடும்பாளூர் வரும். புதுக்கோட்டை மாவட்டம். நாலு வழிச்சாலையில் போறவங்க நூறு கிலோமீட்டர் வேகத்துல அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்துட்டு அடுத்த டீக்கடையைப் பத்தி யோசிச்சுக்கிட்டே போயிடுவாங்க. நாங்களும் பல வருஷம் அப்படிப் போனவங்கதான்.

ஆனா இந்த ஊர் சிலப்பதிகாரத்துலயே இருக்கு. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்கு நடந்து போகும்போது வழியில் ஒரு மறையவர் வழி சொல்லுவார் இல்லையா, கொடும்பை நெடுங்குளத்துக்கிட்ட போனா பாதை மூணா பிரியும்னு? அந்தக் கொடும்பைதான் இது. ஜிபிஎஸ் இல்லாத காலத்துல வழி கேட்டா ஆளுக்கு ஒரு பாதை சொல்ற வழக்கம் அப்பவே இருந்திருக்கு. கண்ணகியும் புகாரை விட்டு வெளியூர்ல பிழைக்கப் புருஷனோட கிளம்பினவங்கதானே, அவங்களும் நம்ம கோஷ்டியில் சேர்த்தி.

பிற்காலத்துல இது இருக்குவேளிர்கள்ங்கிற சிற்றரசர்களோட தலைநகரம். பல்லவர், பாண்டியர், சோழர்னு பெரிய தலைங்க எல்லாம் மோதிக்கிற எல்லையில் உட்கார்ந்திருந்தாங்க. அதனால யார் பக்கம் சாயறாங்கங்கிறது ரொம்ப முக்கியம். இவங்க சோழர் பக்கம் சாய்ஞ்சாங்க. சாய்ஞ்சதை உறுதிப்படுத்த அந்தக் காலத்துல பத்திரம் எழுதிக் கையெழுத்து போடலை. பொண்ணு கொடுத்துப் பொண்ணு எடுத்தாங்க.

மூணுல ரெண்டு

அங்கே பார்க்கவேண்டியது மூவர் கோயில். ஒரே வளாகத்துல மூணு கோயில் வரிசையா இருந்தது. இப்போ நடுக்கோயிலும் தெற்குக் கோயிலும்தான் நிக்குது. மூணாவதுக்கு அடித்தளம் மட்டும் மிச்சம். கட்டினவர் பூதி விக்கிரமகேசரி. தன் பேர்ல ஒண்ணு, ரெண்டு மனைவிகள் கற்றளி, வரகுணா பேர்ல ஒண்ணொண்ணுன்னு மூணு கோயில். ("பாருங்க, அந்தக் காலத்துல பொண்டாட்டி பேர்ல கோயிலே கட்டியிருக்காங்க"ன்னு நான் சொன்னதுக்கு, "ரெண்டு பொண்டாட்டி இருந்தா நானும் கட்டுவேன்"னு ரங்கமணி பதில் சொன்னார். அன்னிக்கு ராத்திரி அவருக்கு உப்புமா.)

நடுக்கோயில் சுவத்துல கிரந்த எழுத்துல ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கு. இந்தக் குடும்பத்தோட வம்சாவளியே அதில்தான் கிடைச்சது. ஒருத்தர் வாதாபியை ஜெயிச்சார், இன்னொருத்தர் அதிராஜமங்கலத்துல சளுக்கியனைக் கொன்னார்னு ஒரே வீரதீரம். அந்தச் சளுக்கியனைக் கொன்னவர் பேர் சமராபிராமன். அவர் கல்யாணம் பண்ணிக்கிட்டது சோழன் மகள் அனுபமாவை. இவங்களுக்குப் பொறந்த பிள்ளைதான் கோயில் கட்டின பூதி விக்கிரமகேசரி. அவர் ஒரு பெரிய மடமும் கட்டி, மல்லிகார்ஜுனர்ங்கிற காளாமுகத் துறவிகிட்ட ஒப்படைச்சு, ஐம்பது துறவிகளுக்குச் சாப்பாடு போட பதினொரு கிராமம் எழுதி வெச்சிருக்கார். ஐம்பது பேருக்குத் தினமும் சமையல்! தீபாவளி பார்ட்டிக்கு இருபது பேர் வந்தாலே எனக்கு ரெண்டு நாள் முதுகு பிடிச்சுக்கும்.

கவனிச்சீங்களா? வெட்டினவன், குத்தினவன், ஜெயிச்சவன்னு வரிசையா வர்ற பட்டியல் நடுவுல "அம்மா யாரு, எந்த வீட்டுப் பொண்ணு"ன்னு ஒரு தகவல். அது இருக்கிறதாலதான் இருக்குவேளுக்கும் சோழனுக்கும் என்ன உறவுன்னு இன்னிக்கு ஆராய்ச்சியாளர்கள் பேச முடியுது.

எதிர்த்திசையில் போனவங்க பிடாரி. தென்னவன் இளங்கோவேளார் மகள், முதலாம் பராந்தகச் சோழனோட மகன் அரிகுலகேசரிக்கு வாழ்க்கைப்பட்டவங்க. பராந்தகன் ஆட்சி 907-லிருந்து 955 வரைக்கும். இந்தம்மா திருச்சிக்குப் பக்கத்துல காவிரிக்கரையில் இருக்கிற திருச்செந்துறையில் கல்கோயில் எழுப்பினாங்க. புகுந்த இடத்துல கோயில் கட்டியும் கல்லுல எப்படிப் போட்டிருக்கு தெரியுமா? இன்னார் மகள், இன்னார் தேவி, அப்புறம் சொந்தப் பேர். பொறந்த வீட்டை விட்டுக்கொடுக்கவே இல்லை. அமெரிக்க பாஸ்போர்ட்டுல அப்பா பேர் புருஷன் பேர் எல்லாத்தையும் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்னு ரெண்டு கட்டத்துக்குள்ள அடைக்கப் பாடுபட்ட எனக்கு அந்தக் கல்லைப் பார்த்தா பொறாமையா இருக்கு.

கொடும்பாளூரிலிருந்து காவிரிக்கரை நாற்பது கிலோமீட்டர் சொச்சம்தான். இப்போ காரில் ஒரு மணி நேரம். அப்போ? பல்லக்கோ வண்டியோ, ரெண்டு நாள் பயணம்னு வெச்சுக்கலாம். காஞ்ச செம்மண் பூமியில் வளர்ந்த பொண்ணு, வருஷம் முழுக்கத் தண்ணி ஓடுற ஊருக்குப் போகுது. அனுபமாவுக்கு அப்படியே தலைகீழ். மாமியார் வீட்டு சாம்பார் பிடிச்சுதான்னு கல்வெட்டு சொல்லலை. சொல்லவும் முடியாது, சாம்பாரும் அப்போ கிடையாது, மிளகாயும் கிடையாது. போர்ச்சுகீசியர்கள் வந்து 16-ஆம் நூற்றாண்டுலதான் மிளகாயே நம்ம பக்கம் வருது. அதுவரைக்கும் காரம்னா மிளகுதான்.

மிளகைச் சொன்னதும் நேரா கடலுக்குப் போயிடலாம், வாங்க.

கடல் தாண்டின மணிக்கிராமம்

கொடும்பாளூர்ல ராஜாக்கள் மட்டும் இல்லை, பெரிய வியாபாரிகளும் இருந்தாங்க. மணிக்கிராமம்னு ஒரு வணிகக்குழு. கல்வெட்டுகள்ல கொடும்பாளூர் மணிக்கிராமத்தார்னே பேர் வருது. இதே பேர்ல வேற ஊர்கள்லயும் குழுக்கள் இருந்தன. கேரளாவில் கொல்லத்துல 849-ல் கொடுத்த தரிசாப்பள்ளிச் செப்பேட்டுலயும் மணிக்கிராமம் உண்டு. திருச்சிக்கும் மதுரைக்கும் நடுவுல, மூணு பாதை பிரியற ஊர்ல வியாபாரி கடை போடாம வேற எங்கே போடுவான்?

இதே மணிக்கிராமத்தார் பேர் எங்கே கிடைச்சது தெரியுமா? தாய்லாந்துல! மேற்குக் கடற்கரையில் தகுவா பாங்கிற ஊர். அங்கே ஒரு உடைஞ்ச தமிழ்க் கல்வெட்டு, 9-ஆம் நூற்றாண்டு. அவனிநாரணம்னு ஒரு குளம் வெட்டி அதை மணிக்கிராமத்தார், சேனாமுகத்தார் பாதுகாப்புல விட்டதாச் சொல்லுது. அவனிநாரணன்ங்கிறது மூன்றாம் நந்திவர்மப் பல்லவனோட பட்டப்பேர். கடல் தாண்டிப் போயும் குளத்துக்கு ஊர் ராஜா பேர். நம்ம ஆளுங்க இப்பவும் நியூஜெர்சியில் சங்கம் ஆரம்பிச்சா பாரதி, வள்ளுவர்னு பேர் வைக்கிறாங்கல்ல, அதேதான்.

எனக்கு அந்தக் கல்வெட்டுல பிடிச்சது குளம் வெட்டினதுதான். சரக்கை இறக்கிட்டு அடுத்த காத்துல ஊர் திரும்பறவனுக்குக் குளம் எதுக்கு? ரெண்டு குடம் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போயிடுவான். குளிக்க, துவைக்க, குடிக்க, சாமிக்குத் தண்ணி எடுக்கன்னு யாரோ அங்கேயே இருந்திருக்காங்க. அந்தக் குளத்தைப் பாதுகாக்கிற பொறுப்பையும் ஒரு குழுகிட்ட விடணும்னா, அது இன்னும் பல வருஷம் இருக்கப்போற ஊர். (எங்க மினசோட்டாவுக்குப் பட்டப்பேரே 'பத்தாயிரம் ஏரிகளின் நாடு'. கார் நம்பர் பிளேட்லயே போட்டிருக்கும். குளம் வெட்டுற வேலை மிச்சம். ஆனா அஞ்சு மாசம் அத்தனையும் உறைஞ்சு கிடக்கும். ஏரி உறையும், வீட்டுல தயிர் உறையாது. அவனுக்குள்ள லைட்டைப் போட்டு, துண்டு சுத்தி, குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி பாலுக்குக் காவல் இருக்கணும்.)

அந்தக் குளத்துத் தண்ணியில் யார் சோறு வடிச்சாங்க? இதுதான் என் கேள்வி. கல்வெட்டுல வியாபாரி இருக்கான், படைவீரன் இருக்கான், அடுப்படி இல்லை.

கல்லு சொல்லாததைப் பானை சொல்லும்

அடுப்படியைத் தேடணும்னா ஓட்டாஞ்சில்லைத்தான் பார்க்கணும். கொஞ்சம் பின்னாடி, கொடும்பாளூர் வேளிர்களுக்கும் பல நூற்றாண்டு முன்னாடி போகணும்.

எகிப்துல செங்கடல் கரையில் குசைர் அல்-காதிம்னு ஒரு பழைய துறைமுகம். ரோமானியர்கள் அதை மியோஸ் ஹார்மோஸ்னு சொன்னாங்க. அங்கே இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் தோண்டினப்போ ஒரு பானை ஓடு கிடைச்சது. அதில் ரெண்டு இடத்துல ஒரே வார்த்தையைத் தமிழ் பிராமியில் கீறியிருக்கு. ஐராவதம் மகாதேவன் அதை 'பானை ஒறி'ன்னு படிச்சார். சுமார் இரண்டாயிரம் வருஷப் பழசு.

ஒறின்னா உறி! கயிறு பின்னி உத்தரத்துலேர்ந்து தொங்கவிட்டு, அதில் தயிர், வெண்ணெய் பானையை வைப்போமே, அதேதான். கண்ணன் எட்டி எட்டித் திருடுவானே, அந்த உறி. எறும்பு ஏறாது, பூனை தாண்டாது. எங்க அம்மாச்சி வீட்டுல பரண் பக்கத்துல ஒண்ணு தொங்கிக்கிட்டிருந்தது. எகிப்துப் பாலைவனத்துல கூட ஒருத்தருக்கு உறி இல்லாம சரிப்படலை. அங்கேயும் எறும்பு, அங்கேயும் பூனை. (எகிப்துல பூனை சாமி வேற. விரட்டக்கூட முடியாது, பாவம்.) என் வீட்டு உறி ஃப்ரிட்ஜுக்கு மேல இருக்கிற அலமாரி. ஏழு வயசுப் பையன் நாற்காலி போட்டு ஏறக் கத்துக்கிற வரைக்கும் முறுக்கு டப்பா அங்கே பத்திரமா இருந்தது.

அதே செங்கடல் கரையில் பெரெனிகேன்னு இன்னொரு துறைமுகம். அங்கே கோயில் முற்றத்துல தரையில் புதைச்சிருந்த ஒரு இந்தியச் சாடியில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது! அதோட நெல்லரிசி, பச்சைப்பயறு, தேங்காய், நெல்லிக்காய் மிச்சங்களும் அந்த ஊர்ல கிடைச்சிருக்கு. இது கிட்டத்தட்ட என் சூட்கேஸ் லிஸ்ட்! மிளகு ரோமாபுரிக்கு ஏத்துமதி ஆன சரக்கு, சரி. பச்சைப்பயறை எந்த ரோமானியன் கேட்டான்? அது போனவங்க சாப்பிட எடுத்துட்டுப் போனதாத்தான் இருக்கணும்.

அங்கே சாதா இந்தியச் சமையல் பானைங்களும் கிடைச்சிருக்கு. அதை வெச்சு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்குப் போடுறாங்க. அழகான சாடின்னா விலைக்குப் போகும், கப்பல்ல ஏத்தலாம். கரிபிடிச்ச சோத்துப்பானையை யாரும் ஏத்துமதி பண்ண மாட்டாங்க. அது இருந்தா, அதில் சமைச்சவங்க அங்கே இருந்தாங்கன்னு அர்த்தம். அடுப்பு ஊதினது ஆணா பொண்ணான்னு பானை சொல்லாது. ஆனா ஊர் ருசி வேணும்னு ஒருத்தர் பிடிவாதமா இருந்தது மட்டும் தெரியுது.

நான் இந்தக் கணக்கைப் படிச்சப்போ என் அடுப்படியை ஒரு சுத்து பார்த்தேன். இட்லித்தட்டு, பருப்பு மத்து, இடியாப்ப உழக்கு, அருவாமனை (ஆமா, அதையும் கொண்டு வந்திருக்கேன், செக்-இன் பெட்டியில்). இன்னும் ஆயிரம் வருஷம் கழிச்சு எவனாவது மினசோட்டாவில் தோண்டினா, இது ஏதோ சித்திரவதைக் கூடம்னு முடிவு பண்ணாம இருக்கணும்.

இருபத்து மூணு கிலோ

சூட்கேஸ்னு சொன்னதும் ஞாபகம் வருது. அந்தக் கால வியாபாரிக்குப் பருவக்காத்து, நமக்கு எடை மெஷின். ஒரு பெட்டிக்கு இருபத்து மூணு கிலோ. ஊர்லேர்ந்து கிளம்புறதுக்கு முந்தின நாள் எங்க அம்மா பெட்டியைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லுவாங்க. "இன்னும் ஒரு கிலோ தாங்கும்டி, இந்த வத்தலையும் வெச்சுக்க." இருபத்து நாலு ஆயிடும்மான்னா, "அப்போ அந்த ஜீன்ஸை எடுத்துரு, துணி அங்கேயே கிடைக்கும்." அம்மாவோட பொருளாதாரம் தெளிவு. அங்கே கிடைக்காததுதான் பெட்டிக்குள்ள போகணும்.

கறிவேப்பிலை மட்டும் போகாது. அமெரிக்காவுக்குள்ள அதைக் கொண்டு வரக்கூடாது. அதில் ஒட்டிக்கிட்டு வர்ற ஒரு குட்டிப்பூச்சி ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களுக்குத் தீராத நோயைப் பரப்பும். சட்டம் நியாயமானதுதான், அதனால நான் கொண்டு வர்றதில்லை. ஆனா அதை அம்மாவுக்குப் புரிய வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். "ஏண்டி, இத்தனூண்டு இலைக்கு அவ்ளோ பெரிய நாடு பயப்படுதா?"

சுங்கச் சங்கடமும் பழசுதான் மக்களே. சுமத்ரா தீவுல பரூஸ்ங்கிற கற்பூரத் துறைமுகத்துக்குப் பக்கத்துல 1088-ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. திசையாயிரத்து ஐந்நூற்றுவர்ங்கிற வணிகக்குழு வெச்சது. கப்பல்ல வந்து இறங்குறவங்க கஸ்தூரி விலைக்கு ஏத்த மாதிரி பொன் கட்டிட்டுத்தான் உள்ளே வரணும்னு சொல்லுது. டிக்ளேர் பண்ணு, கட்டு, அப்புறம் உள்ளே வா. ஆயிரம் வருஷமா வரிசையில்தான் நிக்கிறோம்.

பேர் வெட்டணுமாம்மா?

இப்போ பாத்திர வெட்டுக்கு வர்றேன்.

நம்ம ஊர்ல எவர்சில்வர் கடையில் பாத்திரம் வாங்கினா, பில் போட்டதும் கடைக்காரர் கேக்குற முதல் கேள்வி, "பேர் வெட்டணுமாம்மா?" ஒரு சின்ன மெஷின், டர்ர்ர்ருனு பல் கூசுற சத்தம். புள்ளி புள்ளியா எழுத்து விழும். வெட்டுங்கிற அதே வார்த்தைதான் கல்வெட்டுலயும் இருக்கு. ராஜாவுக்குக் கல்லு, நமக்குக் குண்டான்.

எங்க வீட்டுப் பாத்திரங்களை எடுத்துப் பார்த்தா சின்னதா ஒரு தொல்லியல் துறையே நடத்தலாம். ஒரு தூக்குல அம்மாச்சி பேர். ஒரு அடுக்குல அம்மாவோட இனிஷியல், கல்யாணத் தேதி. சில டம்ளர்ல 'அன்பளிப்பு'ன்னு போட்டு யாரோ ஒருத்தர் பேர், ஊர், தேதி. அந்தப் புண்ணியவான் யாருன்னு இப்போ குடும்பத்துல ஒருத்தருக்கும் தெரியலை. யார், என்னிக்கு, யாருக்கு, என்ன கொடுத்தாங்க. கோயில் சுவத்துல இருக்கிற தானக் கல்வெட்டும் இதையேதான் சொல்லுது. சந்திரசூரியர் உள்ளவரைங்கிறது மட்டும்தான் பாக்கி.

இந்தப் பழக்கமும் ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசு. கொடுமணல், கீழடின்னு எங்கே தோண்டினாலும் பேர் கீறின ஓடுகள். பெரும்பாலும் பானையைச் சுட்ட பிறகு கீறினது. அதாவது குயவர் எழுதலை, வாங்கினவங்க எழுதினது. 'இது எம் பானை, எடுத்துட்டுப் போயிராதே.' குசைர்ல கண்ணன், சாத்தன்னு படிக்கிற மாதிரி ஓடுகளும் கிடைச்சிருக்கு. ஓமன்ல கோர் ரோரிங்கிற இடத்துல கிடைச்ச ஒரு ஓட்டுல ணந்தை கீரன்னு பேர். அதில் ஒரு வேடிக்கை, உடைஞ்சு போன பெரிய சாடியோட துண்டை எடுத்து மூடியா வெச்சுப் புழங்கியிருக்காங்க. உடைஞ்சதைத் தூக்கிப் போடாம மூடியாக்குறது! ஐஸ்கிரீம் டப்பாவுல மாவு வைக்கிற நம்ம வம்சம்தான், சந்தேகமே வேணாம்.

ஒரு நாள் பாத்திரம் தேய்ச்சு வைக்கும்போது என் பொண்ணு (பதினோரு வயசு) அந்தத் தூக்கை எடுத்து வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தா. "அம்மா, இது என்ன டிசைன்?"னு கேட்டா.

டிசைன்! அவளோட அம்மாச்சியோட அம்மா பேர், அவளுக்கு டிசைன்.

நல்லாத் தமிழ் பேசுவா. ஊருக்குப் போனா அத்தை பசங்களோட சண்டையே தமிழ்லதான். ஆனா எழுத்துக்கூட்டத் தெரியாது. தமிழ்ப்பள்ளி ஞாயித்துக்கிழமை, ஐஸ் ஸ்கேட்டிங்கும் ஞாயித்துக்கிழமை. எது ஜெயிச்சிருக்கும்னு உங்களுக்கே தெரியும். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

ஏன்னா அந்தக் கல்வெட்டு வெச்ச பரூஸ் பக்கத்துல பிற்பாடு என்ன நடந்ததுன்னு படிச்சிருக்கேன். வடக்கு சுமத்ராவுல காரோ பாத்தாக் மக்கள் இருக்காங்க. அவங்கள்ல செம்பிரிங்ங்கிற குலத்துல உட்பிரிவுப் பேர்களைக் கேளுங்க: சோலியா, பாண்டியா, பெலவி, மெலியாலா. சோழியர், பாண்டியர், பல்லவர், மலையாளம்! அந்தக் கடற்கரைக்கு வந்த தமிழ் வணிகர்களோட சேர்த்துத்தான் ஆராய்ச்சியாளர்கள் இதைப் பேசுறாங்க. பேர் மட்டும் குடும்பத்துல ஒட்டிக்கிட்டு ஆயிரம் வருஷமா வருது. மொழி இல்லை. ஏதோ ஒரு தலைமுறையில் ஏதோ ஒரு வீட்டுல ஒரு பிள்ளை, "இது என்ன டிசைன்?"னு கேட்டிருக்கும். அன்னிக்கு அந்த அம்மாவுக்கு அடுப்புல பால் பொங்கியிருக்கும். அப்புறம் சொல்றேன்னு போயிருப்பாங்க. அப்படித்தான் போயிருக்கும்.

கொடும்பாளூர்ல ஒரு மத்தியானம்

போன தடவை ஊருக்குப் போனப்போ ரெண்டு வாண்டுகளையும் இழுத்துக்கிட்டு மூவர் கோயிலுக்குப் போனேன். நல்ல வெயில். கூட்டம்னு பார்த்தா நாங்க, ஒரு காவலாளி, நாலஞ்சு ஆடு. தொல்லியல் துறை புல்வெளி போட்டு அழகா வெச்சிருக்காங்க. விமானத்துல இருக்கிற சிற்பங்களை அண்ணாந்து பார்த்து என் பையன் பதினஞ்சு நிமிஷம் வாயே திறக்கலை. அதுவே ஒரு சாதனை.

பொண்ணுகிட்ட கிரந்த எழுத்தைக் காட்டி அனுபமா கதையைச் சொன்னேன். "உனக்குப் படிக்கத் தெரியுமா?"ன்னு கேட்டா. தெரியாதுன்னேன். பக்கத்துல சைக்கிளோட நின்ன உள்ளூர்ப் பசங்க ரெண்டு பேரைக் கேட்டா. அவங்க சிரிச்சாங்க. "இது பழைய எழுத்துக்கா, யாருக்கும் தெரியாது." காவலாளி ஐயாவும், "படிச்சவங்க வந்தா படிச்சுச் சொல்லுவாங்கம்மா"ன்னார்.

அப்போதான் எனக்கு ஒண்ணு உறைச்சது. இந்தப் பசங்க எங்கேயும் போகலை. கல்லும் எங்கேயும் போகலை. ஆயிரம் வருஷத்துக்கு மேல ரெண்டும் ஒரே ஊர்லதான் இருக்கு. இருந்தும் கல்லுல இருக்கிற அம்மா பேரை அந்த ஊர்ல படிக்க ஆள் இல்லை. ஊரை விட்டு வந்ததாலதான் பிள்ளைங்களுக்கு எழுத்து போச்சுன்னு நாம ஒரு குத்த உணர்ச்சியைச் சுமந்துக்கிட்டுத் திரியறோம். ஊர்லயே இருந்தாலும் நடுவுல ஒரு தலைமுறை உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கலைன்னா போச்சுதான். தூரத்துக்கும் இதுக்கும் பெரிசா சம்பந்தம் இல்லை. யாராவது உட்காரணும், அவ்வளவுதான். அந்த வம்சாவளி இன்னிக்கு நமக்குத் தெரியுதுன்னா, கிரந்தம் கத்துக்கிட்டு அந்தச் சுவத்துக்கு முன்னாடி வெயில்ல யாரோ உட்கார்ந்ததாலதான்.

திரும்பி வந்ததும் ஐஸ் ஸ்கேட்டிங்கை நான் நிறுத்தலை. (நிறுத்தினா புரட்சி வெடிச்சிருக்கும்.) பாத்திரத்தையே பாடப்புத்தகம் ஆக்கிட்டேன். சாப்பிட்டு முடிச்சதும் ஆளுக்கு ஒரு பாத்திரம், வெட்டியிருக்கிறதை எழுத்துக்கூட்டிப் படிச்சாத்தான் அதைத் தேய்க்கிற வேலையிலிருந்து விடுதலை. முதல் வாரம் ரெண்டு பேரும் நல்லாத் தேய்ச்சாங்க. நாலாவது வாரம் நான் தேய்ச்சேன். புள்ளி எழுத்துல மூணு சுழி 'ண'வுக்கும் ரெண்டு சுழி 'ன'வுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறது தொல்லியல் அறிஞர்களுக்கே கஷ்டம், அதுங்க தடவித் தடவிப் படிக்குதுங்க. அம்மாவுக்கு வீடியோ கால்ல அந்த டம்ளர் அன்பளிப்புப் பேரைப் பொண்ணு படிச்சுக் காட்டினப்போ, "அட, அது நம்ம தெருக்கோடி டெய்லரு! உங்கப்பா கல்யாணச் சட்டை தைச்சவரு"ன்னு அம்மா கத்தினாங்க. முப்பது வருஷமா அநாமதேயமா இருந்த டம்ளருக்கு ஆள் கிடைச்சாச்சு.

போன வாரம் பையனோட டிபன் டப்பாவைக் கழுவ எடுத்தேன். அடியில் காம்பஸ் முனையால கீறி வெச்சிருக்கான், தமிழ்ல, அவன் பேரை. ஒத்து எழுத்துக்கு மேல புள்ளியைக் காணோம். இருநூறு ரூபாய் டப்பா, புதுசு. திட்டலாம்னுதான் வாயெடுத்தேன். தமிழ் பிராமியிலயும் பல இடத்துல புள்ளி கிடையாதுன்னு ஞாபகம் வந்தது. சரின்னு விட்டுட்டேன்.

உங்க வீட்டுப் பரண்லயும் ஏதாவது ஒரு குண்டான்ல யாரோட பேராவது இருக்கும். இந்த வாரம் இறக்கிப் படிச்சுப் பாருங்களேன். பிள்ளைங்களைக் கூட வெச்சுக்கிட்டு.

வரட்டா? அவன்ல தயிர் வெச்சிருக்கேன், போய்ப் பார்க்கணும்.